சிறு கல்லூரியின் பெற்றோர் தொடர்புச் சேவை: விடுதி மாணவி ஒருத்தியின் தாய் எழுதும் மதிப்பீடு

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய ஊரொன்றில் இயங்கும் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் என் மகள் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள இக்கல்லூரியில் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொடாது. பிழைப்புக்காகத் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனிகளில் நிலைத்துவிட்ட தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றைப் போல, நாங்களும் பிள்ளையின் படிப்பை மட்டும் சொந்த ஊர்ப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஆகவே கல்லூரியும் விடுதியும் சொல்வதை வைத்துத்தான் அவளுடைய அன்றாடத்தில் பாதியை அறிய வேண்டியிருக்கிறது. ‘பெற்றோர் தொடர்பு’ என்ற பெயரில், சிறப்புக் கட்டணத்தோடு ஒரு தொகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு கல்லூரி நடத்தும் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. கல்லூரியின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரியான மென்பொருளையும் நடைமுறைகளையும் வேறு பல கல்லூரிகளும் வைத்திருப்பதால், இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கப்போகும் எவருக்கும் இது பயன்படக்கூடும்.

சேவையில் அடங்குபவை: வராத நாளுக்கான குறுஞ்செய்தி, கைபேசிச் செயலி, வாட்ஸ்அப் குழு, வழிகாட்டி ஆசிரியரின் மாதாந்திர அழைப்பு, பருவத்துக்கு ஒன்றாகத் தபாலில் வரும் அச்சு மடல், ஆண்டுக்கொரு முறை நடக்கும் குடும்ப நாள், விடுதி மாணவியர் வெளியே செல்ல அனுமதி தரும் அவுட்பாஸ் ஏற்பாடு. இவற்றை அளக்க நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். மகளோடு பேசுவதற்கு இச்சேவை எனக்கு ஏதேனும் தந்ததா, அல்லது அவளை விசாரிப்பதற்கு மட்டும் தந்ததா?

குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான வீடுகளுக்குக் கல்லூரியிலிருந்து போய்ச் சேருவது அது ஒன்றுதான். முதல் பாடவேளை முடிந்த சிறிது நேரத்தில், வகுப்புக்கு வராதவரின் பெற்றோருக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி வருகிறது. உங்கள் பிள்ளை இன்று வரவில்லை, துறை அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்பது அதன் பொருள். பெயரும் தேதியும் மாறும், மற்றவை மாறுவதில்லை. இதற்குக் கல்லூரியை முழுவதுமாகக் குறை சொல்லவும் முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் கொண்டுவந்த விதிகளின் கீழ், நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும். அதில் விடப்பட்ட இடங்களை மட்டுமே நிரப்பி அனுப்ப முடியும். தமிழ் வாசகத்தையும் பதியலாம் என்றாலும் செலவு கூடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து வரை இடமுண்டு, தமிழில் 70தான். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனி இடம் பிடிப்பதால், ‘கல்லூரி’ என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கே ஏழு இடம் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் ஒன்றாக முடிவது தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ உடைய, அத்தனைக்கும் கட்டணம் விழுகிறது.

ஏற்றுமதி நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் இந்தச் சிக்கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களில் ஆலங்குளம், கடையம் பக்கத்து ஊர்களில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் தாய்மார்கள் கணிசமானவர்கள். அவர்கள் அந்தச் செய்தியை அடுத்த வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் மகள் வகுப்புக்குப் போகவில்லை என்பது தாய்க்கு முன் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தி சரியாக இருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். மண்டலக் கபடிப் போட்டிக்கோ வேறு கல்லூரியில் நடக்கும் வினாடி வினாவுக்கோ ஆசிரியரின் அனுமதியோடு போன மாணவியரின் ஓ.டி. பட்டியல் (வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ பட்டியல்) அலுவலகத்தில் ஏறுவதற்குள், மென்பொருள் அவர்களை வராதவர்களாக அறிவித்துவிடுகிறது. பிறகு பதிவேட்டில் திருத்தம் நடக்கிறது. வீட்டுக்குத் திருத்தச் செய்தி வருவதில்லை. கோப்பையோடு திரும்பிய மகளைத் தகப்பன் ‘எங்கே போனாய்’ என்று கேட்கும்படி ஆவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை, செலவைப் பார்த்து வாசகம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இருந்தாலும் இந்தக் குறுஞ்செய்தியை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் பருவத் தேர்வு எழுதுவதே சிக்கலாகும், தண்டத் தொகையும் மருத்துவச் சான்றும் தேவைப்படும் என்ற நிலையில், கடைசி வாரத்தில் அதைக் கேள்விப்படுவதைவிட முன்பே தெரிவது நல்லது. தினமும் அனுப்புவதற்குப் பதிலாக, வருகை 85ஐவிடக் குறையும்போது ஒருமுறை, 80ஐவிடக் குறையும்போது ஒருமுறை என்று தமிழில் அனுப்பினால் செலவும் குறையும், பொய்யான பதற்றமும் வராது. ஒரே நாளில் காரணமின்றிக் காணாமல் போகும் விடுதி மாணவிக்குக் குறுஞ்செய்தி போதாது. அதற்கு யாராவது அழைத்துப் பேச வேண்டும்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கட்டண நிலுவையைப் பார்க்கவும் ரசீது எடுக்கவும் அது நன்றாக உதவுகிறது. கால அட்டவணை இருக்கிறது. பழைய கைபேசிகளில் திறக்க நேரமாகிறது. என்னை உறுத்துவது மதிப்பெண் பகுதி. பாடத்துக்கு உள்மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்ற ஏற்பாட்டில், உள்தேர்வு மதிப்பெண் பதிவேறிய அந்த நொடியே பெற்றோருக்கும் தெரிந்துவிடுகிறது, பல சமயம் மாணவிக்கு முன்பே. தனக்கு நேர்ந்ததைத் தானே வீட்டில் சொல்லும் வாய்ப்பை இது பறிக்கிறது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 18 வயது நிரம்பினாலோ கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ கல்விப் பதிவுகளின் மீதான உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. விடுதிக் கட்டணம் முதல் பஸ் கட்டணம் வரை குடும்பமே சுமக்கும் நம் ஊரில் அத்தனை தொலைவு போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆயினும் நம்முடைய 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டவரைத்தான் குழந்தை என்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவியரில் பெரும்பாலோர் அந்த வயதைக் கடந்தவர்கள். மதிப்பெண் மாணவிக்குத் தெரிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்குத் தெரியும்படி மென்பொருளில் ஏற்பாடு செய்வது பெரிய வேலையாக இருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகம் மட்டுமே எழுதலாம் என்று பூட்டியிருப்பது சரியான முடிவு. இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் தேர்வுக் கட்டண அறிவிப்பைத் தேட வேண்டியிருக்கும். ஆனால் சாதாரணக் குழுவாக அமைத்திருப்பதால் எல்லாப் பெற்றோரின் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் இதனாலேயே குழுவிலிருந்து வெளியேறிய கதைகளைக் கேட்டிருக்கிறேன். கம்யூனிட்டி என்ற வசதியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மற்றவருக்குத் தெரிவதில்லை; அதற்கு மாற்றினால் இந்தக் குறை தீரும்.

இனி வழிகாட்டி ஆசிரியரின் அழைப்புக்கு வருகிறேன். இச்சேவையில் பணத்துக்கு மேல் மதிப்புள்ளது இதுதான். ஒரு ஆசிரியருக்கு இருபது பேர் அளவில் மாணவரைப் பிரித்துக் கொடுத்து, அவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்துப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்காகப் பெரும்பாலான கல்லூரிகள் இப்படி வழிகாட்டிகளை நியமிக்கின்றன. பல இடங்களில் அது கோப்பில் பெயர்ப் பட்டியலாக முடிந்துவிடுகிறது. சிறிய கல்லூரியில் அப்படி ஆகாமல் இருப்பதற்குக் காரணம், ஆசிரியருக்குப் பிள்ளையை முகம் பார்த்துத் தெரிந்திருப்பதுதான். என் மகளின் ஆசிரியை திருப்பூரின் வேலை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஒன்றரை ஷிப்டு முடிந்து நாங்கள் வீடு வந்த பிறகு அழைக்கிறார். ஒருமுறை, ‘அம்மா, நிறமாலைமானியை யாரும் சொல்லித்தராமலே சரிசெய்கிறாள். ஆனால் துணைப்பாடக் கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு வந்தால் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். இதை வைத்து வீட்டில் கடிந்துகொள்ள வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். இப்படி ஒரு சேதியை எந்த மென்பொருளும் தந்துவிட முடியாது. பிள்ளையின் குறையைச் சொல்லும்போதே அதை வீட்டில் எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் ஆசிரியத் தொழில் தெரிகிறது. அன்று மகளிடம் நான் கணிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நிறமாலைமானி என்றால் என்ன என்று கேட்டேன், அவள் அரைமணி நேரம் பேசினாள்.

எல்லா ஆசிரியரும் இப்படி இல்லை. தேர்ச்சி, வருகை, நடத்தை என்று படிவத்தை வாசித்துவிட்டு வைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள் என்று மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். அவர்கள் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. சுயநிதிப் பிரிவில் நிர்வாகம் தரும் சம்பளத்தில் பணியாற்றும் ஆசிரியர்கள், உதவி பெறும் பிரிவில் அரசுச் சம்பளம் வாங்குவோரைவிட மிகக் குறைவாகவே பெறுகிறார்கள். அவர்களும் தம் சொந்தக் கைபேசியில், சொந்த ரீசார்ஜில், தம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரத்தில் எங்களை அழைக்கிறார்கள். பெற்றோர் தொடர்புக்கென்று வாங்கும் தொகையில் மென்பொருள் நிறுவனத்துக்குப் பங்கு போகிறது, ஆசிரியருக்குப் போவதில்லை. இந்த மதிப்பீட்டில் கல்லூரி நிர்வாகம் ஒரு வரியை மட்டும் படிப்பதானால், முந்தைய வரியைப் படிக்கட்டும்.

அச்சு மடல் நான்கு பக்கம், முழுவதும் தமிழில், வயதானவர்களும் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் தபாலில் வருகிறது. பாதி முதல் பக்கத்தைச் செயலாளரின் படம் எடுத்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் உள்ளே நல்ல சரக்கு இருக்கிறது. இன்டர்னல் என்றால் என்ன, அரியர் விழுந்தால் அடுத்து எப்போது எழுதலாம் என்பவற்றைக் கல்லூரி வாசலை மிதித்திராத பெற்றோருக்குப் புரியும்படி எழுதுகிறார்கள். உதவித்தொகைப் பக்கம் தனியாகக் கத்தரித்து வைத்துக்கொள்ளத் தக்கது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவற்றோடு பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு வழங்கும் உதவித்தொகைக்கும் என்னென்ன சான்று வேண்டும், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். ராகிங் பற்றிய பகுதியும் அப்படியே. மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்ததால் ஆண்டுதோறும் கையெழுத்துப் போடுகிறோம், ஆனால் எதற்கு என்று இதுவரை யாரும் விளக்கியதில்லை. தமிழ்நாட்டில் 1997 முதலே இதற்குத் தனிச் சட்டம் இருப்பதையும், 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரும் புகார் செய்யலாம் என்பதையும் மடலில்தான் படித்தேன்.

இவை தகவல்கள். மடலின் உயிர் மாணவர் எழுதும் பக்கத்தில் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில் குளக்கரைச் சீமைக் கருவேலத்தை வெட்டியது, முள் குத்தியதற்கு ஊர்க் கிழவி ஒருவர் வைத்தியம் செய்தது, பொது மேடையில் பேச நடுங்கிய தாவரவியல் மாணவன் கடைசி நாளில் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டது எல்லாம் வந்திருந்தன. என் மாமியார் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த வாரம் பேத்தியோடு அவர் பேசியபோது ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்பதோடு பேச்சு முடியவில்லை. குறை என்றால் இரண்டு உண்டு. பரிசு வாங்கியவர்கள் பெயரே திரும்பத் திரும்ப வருகிறது. நூலகத்தில் உட்கார்ந்து அமைதியாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டார் தம் பிள்ளையை அதில் பார்ப்பதே இல்லை. இன்னொன்று, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை அறிவித்த மடல் அந்த நாள் கழிந்தபின் எங்கள் கைக்கு வந்தது.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்று முன்பு வேலை நாளில் நடத்தி, உரைகள், வருகைக் கையெழுத்து, கோப்புக்கு ஒரு படம் என்று முடித்ததைக் குடும்ப நாளாக மாற்றி ஞாயிற்றுக்கிழமையில் வைத்திருக்கிறார்கள். தினக்கூலிக்காரருக்கு இது பெரிய உதவி. அன்று மாணவரே பெற்றோரை அழைத்துக்கொண்டு துறை துறையாகக் காட்டுகிறார்கள். இயற்பியல் இருட்டறையில் சோடிய விளக்கின் மஞ்சள் ஒளி இரண்டு கோடுகளாகப் பிரிவதை எங்களைப் பார்க்கச் சொல்லி, பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டுக்கும் கிராப் தாளுக்கும் பணம் அனுப்பிக்கொண்டே இருந்த எங்களுக்கு அவை எங்கே போகின்றன என்பது அன்று புரிந்தது. மதியம் மெஸ்ஸில் பிள்ளைகள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டையே எங்களுக்கும் போட்டார்கள். விருந்து வைத்துக் கண்ணை மறைக்காதது நேர்மை. சாம்பார் தண்ணீராகத்தான் இருந்தது. வார்டனிடம் அதை நேரில் சொல்ல முடிந்தது, அவரும் காய்கறி விலையைச் சொல்லித் தப்பிக்காமல் குறித்துக்கொண்டார்.

அன்றும் ஒரு மணி நேரம் மேடை உரைகள் உண்டு. அது யாருக்குத் தேவை என்று தெரியவில்லை. திருப்பூரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து இறங்குவோர் முகம் கழுவவும் உடை மாற்றவும் ஒரு அறை ஒதுக்கவில்லை. மாணவர்களின் பெற்றோர், அதாவது ஆண் பிள்ளைகளின் வீட்டார், பாதிப் பேர்கூட வருவதில்லை. பெண்ணைத்தான் கண்காணிக்க வேண்டும், பையன் தானே பார்த்துக்கொள்வான் என்ற நம் வழக்கம் இங்கேயும் வந்து நிற்கிறது.

அவுட்பாஸ் ஏற்பாடு காகிதத்தில் நன்றாக இருக்கிறது. விடுதியிலிருந்து ஊருக்குப் புறப்படும் மாணவி செயலியில் விண்ணப்பிக்க, வீட்டுக்கு ஓ.டி.பி. வர, அதைச் சொன்னால் வாயிலில் விடுவார்கள். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் எண்ணுக்கு மட்டுமே இடம் இருப்பதால், ஓ.டி.பி. போய்ச் சேருவது என் கணவரின் கைபேசிக்கு. அவர் ஷிப்டில் இருந்தால் மாலைப் பேருந்து தவறிவிடும். என் எண்ணையும் சேர்க்க விண்ணப்பக் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, அலுவலக முத்திரை என்று அலைய வேண்டியிருந்தது. இது எங்களுக்கு வெறும் அலைச்சல். தந்தை இல்லாத வீட்டுக்கும், பாட்டியே பாதுகாவலராக இருக்கும் வீட்டுக்கும் அந்தப் படிவம் ஒவ்வொரு முறையும் தரும் வருத்தத்தை அலுவலகத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேர்க்கைக்குப் போகிறவர்கள் இரண்டு எண்களை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்; வழிகாட்டி ஆசிரியரின் பெயரைக் கேட்டு, உங்களை அழைக்க ஏற்ற நேரத்தை அவரிடம் சொல்லுங்கள்; குறுஞ்செய்தி வந்தால் பிள்ளையை அழைப்பதற்கு முன் துறையை அழையுங்கள். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அதில் மூன்று ஆசிரியையின் அழைப்புக்கும் மடலுக்கும் குடும்ப நாளுக்கும் சேர்த்து. 20 கிராம் வரையிலான சாதாரணக் கடிதத்துக்குத் தபால் கட்டணம் 5 ரூபாய்தான் என்றாலும், செலவைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டு முதல் மடலை அச்சிடாமல் செயலியில் பி.டி.எஃப். கோப்பாக மட்டும் வெளியிட யோசனை இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படிச் செய்தால் என் மதிப்பெண் இரண்டரை.